டிக்கியைத் திறக்க முடியாது!

லோத்குண்டாவில் ராணுவ மதில் முடியும் இடத்தில் பாரிகேடைப் பார்த்ததும் கொர்னேலியஸின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

"போச்சு" என்றாள் சாரா.

டிக்கியில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய ஒயின். சாரா கறுப்புத் திராட்சை வாங்கி, பீங்கான் ஜாடியில் போட்டு, வாரக்கணக்கில் கிளறி வடிகட்டியது. மகள் எமிக்குக் கல்யாணமான பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ். மெட்டுகுடாவில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு வெறும் கேக்கோடு போனால் நன்றாகவா இருக்கும்?

ஆனால், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது குற்றம். கொர்னேலியஸ் பேங்க் மேனேஜர். மார்ச்சில் ரிட்டயர்மென்ட். இப்போது கலால் வழக்கு வந்தால் சஸ்பென்ஷன். பென்ஷன் அந்தரத்தில் தொங்கும்.

"பயப்படாத சாரா. வண்டியை நிறுத்தினா நமக்கு என்னென்ன உரிமைன்னு ஒரு வக்கீல் வீடியோவுல புட்டுப் புட்டு வைக்கிறாரு. ஒரு வாரமா அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்."

"நீங்க வாயைத் திறந்தா டிக்கியும் சேர்ந்து திறந்துரும். சும்மா இருங்க எமி அப்பா."

மொத்தம் நாலு போலீஸ்காரர்கள். முன்னால் நின்ற காரில் ஓர் அம்மாளின் கைப்பையை ஒருவர் குடைந்துகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத காக்கியில் ஓர் இளம் எஸ்.ஐ. வந்து கண்ணாடியைத் தட்டினார். மார்பில் 'ராஜீவ்' என்று பெயர்ப்பட்டை.

"கஞ்சா செக்கிங். டிக்கியைத் திறங்க. அம்மா, உங்க பையையும் காட்டுங்க" என்றார் தெலுங்கில்.

கொர்னேலியஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருடைய தெலுங்கு அன்றைக்கு அருவி மாதிரி கொட்டியது.

"லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் கேளுங்க, போன்லயே காட்டறேன். ஆனா, எதை வெச்சு என் மேல சந்தேகம்னு சொல்லாம டிக்கியைத் திறக்கச் சொல்ல முடியாது. லேடீஸ் பையைச் சோதிக்கணும்னா லேடி கான்ஸ்டபிள் வரணும். வண்டிச் சாவியில கை வைக்கக் கூடாது."

சாரா கண்களை மூடி ஜெபிக்க ஆரம்பித்தாள்.

எஸ்.ஐ. அவரை மேலும் கீழும் பார்த்தார். "சார் வக்கீலா?"

"இல்ல. சட்டம் தெரிஞ்சவன்."

எஸ்.ஐ. ஓர் அடி பின்வாங்கினார். "சாரி சார். தொந்தரவு கொடுத்துட்டோம். ஹேப்பி கிறிஸ்துமஸ்!" என்று சல்யூட் வைத்தார். ஒரு கான்ஸ்டபிள் ஓடிப்போய் பாரிகேடை நகர்த்தி வழிவிட்டார்.

திருமலகிரி தாண்டும்வரை கொர்னேலியஸ் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

"ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுட்டாரு" என்றாள் சாரா.

"ஜெபமா? சட்டம்டி, சட்டம்! வீடியோ பார்க்கும்போதெல்லாம் திட்டினியே, இப்ப என்ன சொல்ற?"



கார்கானா தாண்டியதும் இன்னொரு பாரிகேடு. இந்த முறை கொர்னேலியஸ் தானே கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்.

நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் விஸ்வநாத் மெதுவாக எழுந்து வந்தார். தொப்பையில் பெல்ட் திணறியது.

"டிக்கி" என்றார். அவ்வளவுதான்.

"லைசென்ஸ், ஆர்.சி. கேளுங்க, காட்டறேன். ஆனா, எதை வெச்சு என் மேல சந்தேகம்னு..."

வாக்கியம் முடியவில்லை. ஜன்னல் வழியாக நுழைந்த கை, சாவியை உருவிக்கொண்டு வெளியே போனது.

"எதுக்குய்யா இவ்வளவு பேச்சு? எனக்கே சட்டம் சொல்லித் தர்றியா? இறங்கு கீழே!"

இன்ஸ்பெக்டர் டிக்கியை நோக்கி நடந்தார்.  பென்ஷன், சம்பந்தி வீடு, மாப்பிள்ளை முகம் எல்லாம் கொர்னேலியஸின் கண் முன்னால் வந்து போயின.

சாரா இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த சாவியையே பார்த்தாள். பிறகு, சட்டென்று கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"சார்! டிக்கி எங்கயும் ஓடிப்போகாது. அவங்க ஓடிருவாங்க!"

"யாரு?"

"லோத்குண்டாவுல நாலு பேரு உங்க யூனிஃபார்மும் பெயர்ப்பட்டையும் மாட்டிக்கிட்டு, பாரிகேடு வெச்சு, வண்டிகளை நிறுத்திப் பையைக் குடையறாங்க. அத்தனையும் போலி!"

டிக்கியில் சாவியை நுழைத்த கை அப்படியே நின்றது.

"லோத்குண்டாவுலயா? அங்க இன்னிக்கு நாங்க யாரையும் போடலையே!"

வயர்லெஸ்ஸில் படபடவென்று ஏதோ கேட்டார். பதில் வந்ததும் அவர் தொப்பையை மறந்து ஓடினார். "காலையிலேர்ந்து ரெண்டு லேடீஸ் ஸ்டேஷன்ல உட்கார்ந்து, செக்கிங்ல நகை போச்சுன்னு அழுதுட்டிருக்காங்க. ஏறுங்கடா வண்டியில!"

சாவி பறந்து வந்து கொர்னேலியஸின் மடியில் விழுந்தது. ஜீப் சைரனோடு லோத்குண்டா பக்கம் சீறியது.

காவலுக்கு மிஞ்சியது ஹம்சா என்கிற பெண் கான்ஸ்டபிள் மட்டும்தான். பாரிகேடை ஒதுக்கிவிட்டு, மறுபடி காரில் ஏறி உட்கார்ந்த சாராவின் ஜன்னலருகே வந்து குனிந்தாள்.

"மேடம், யூனிஃபார்ம் இருந்திருக்கு, பாரிகேடு இருந்திருக்கு, பெயர்ப்பட்டைகூட இருந்திருக்கு. போலின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

சாரா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"இவர் இதே சட்டத்தை அவங்ககிட்டயும் பேசினாரும்மா... அவங்க சாரி சொன்னாங்க!"