புழுவெட்டு

“எரியுதா சாமி?”

“இல்லப்பா.”

எரியாமல் இருக்குமா? பாதியாக நறுக்கிய சின்ன வெங்காயம். தேய்த்துத் தேய்த்துத் தலையில் அந்த இடமே சிவந்து கிடந்தது. மகள் முக்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் பின்னால் நின்று தேய்த்தான்.

தினமும் கேட்பான். தினமும் இல்லை என்பாள்.

உச்சந்தலைக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடியில்லாமல் வழவழவென்று இருந்தது. பின்னலைத் தூக்கிக் கட்டி, மறைத்துக்கொண்டே எத்தனை நாள் பள்ளிக்கூடம் போனாளோ. பெற்றவளுக்கே தெரியவில்லை. இவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

தெரிந்ததும் முதலில் பூச்சியைத் தேடினான்.

ஆமாம், பூச்சியை. புழுவெட்டு என்றுதானே சொல்கிறார்கள். தலையணை உறையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டான். மெத்தையை மொட்டைமாடியில் காயவைத்துத் தட்டினான். கட்டிலுக்கு அடியில் மருந்தடித்துவிட்டு, வீடு முழுக்கத் தும்மவைத்தான்.

ஒரு பூச்சியும் அகப்படவில்லை.

தோல் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

“பூச்சியெல்லாம் ஒண்ணுமில்ல சார். பேருதான் அப்படி. மனசு ரொம்ப நெருக்கடியில இருந்தா சில பேருக்கு இப்படிக் கொட்டும். மருந்து தர்றேன். அது மட்டும் பத்தாது. பொண்ணு நல்லாத் தூங்கணும். சாயங்காலம் கொஞ்ச நேரம் வெளையாடட்டும். மனசு விட்டுப் பேச ஒரு ஆளு வேணும்.”

பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

“வீட்ல ஏதாச்சும் பிரஷர் இருக்கா கண்ணு?”

அவன் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

எத்தனை?

மகளிடம் அவன் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். கோச்சிங் டெஸ்டில் எத்தனை. வாசலில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவான். சொன்னால், அவளைவிடக் கூட வாங்கியவள் யாரென்று கேட்பான். சாப்பிட்டாயா என்று கேட்டு வருஷக்கணக்காகிறது. மகளை டாக்டராக்கிக் காட்டுகிறேன் என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் பீற்றி வைத்திருந்தான். படிப்பு கெட்டுப்போகும் என்று அவளுடைய ஷட்டில் பேட்டைப் பரண்மேல் தூக்கிப் போட்டதும் அவன்தான்.

மகள் அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம்.”

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். படுபாவி, பெற்ற பிள்ளை பொய் சொல்லி உன்னைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டதே.

அன்றைக்கு நிறுத்தினான். எத்தனை என்று வாய்வரைக்கும் வரும். விழுங்கிக்கொள்வான். பரணிலிருந்து பேட்டை இறக்கி, தூசி தட்டி வைத்தான்.

பேச வேண்டும் என்றார் டாக்டரம்மா. என்னத்தைப் பேசுவது? மார்க்கை எடுத்துவிட்டால், மகளிடம் பேச அவனிடம் ஒன்றுமே இல்லை. அது தெரிந்தபோதுதான் அவனுக்கு ரொம்பக் கேவலமாக இருந்தது.

அதனால், நாட்டு வைத்தியமென்று வெங்காயத்தை எடுத்தான்.

“டாக்டர் மருந்து குடுத்தப்புறமும் எதுக்குங்க இந்த வேலை?” என்று மனைவி பூங்கொடி சிரித்தாள். வெங்காயத்தில் ஒரு வசதி. கண் கலங்கினால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

முதலில் இரண்டு பேரும் பேசாமல்தான் இருந்தார்கள். ஒரு நாள் அவளாகவே ஆரம்பித்தாள்.

“எங்க கெமிஸ்ட்ரி சார் விக்கு வெச்சிருக்காருப்பா. வேர்த்தா அது பாட்டுக்கு நகருது.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

“எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க” என்றாள்.

அவன் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு மெதுவாகத் தேய்த்தான்.

ஒரு காலையில், வழவழப்புக்கு நடுவில் விரலில் என்னவோ தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பார்த்தான். முடி. பூனைமுடி மாதிரி, வெள்ளையாக, பொடிப்பொடியாக.

“பூங்கொடி! இங்க வா, மொளச்சிருச்சு!”

ஊரைக் கூட்டாத குறை. அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே சாயங்காலம் வாசலில் காத்திருந்தான். அவள் வந்தாள். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள்.

“எத்தனை சாமி?”

பாழாய்ப்போன நாக்கு. வந்துவிட்டது.

அவள் அப்படியே நின்றாள்.

“நானூத்திப் பத்துப்பா” என்றாள். அவன் கேட்பதற்கு முன்னாலேயே அடுத்ததையும் சொன்னாள். “தர்ஷினி ஐநூத்தி முப்பது.”

இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவனுக்கு அந்த நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. என்ன பிரயோஜனம்? கேட்டது கேட்டதுதான்.

மறுநாள் காலையில் அவன் வெங்காயக் கூடைப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போவான்?

முக்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. மகள். கையில் வெங்காயம். அவளே உரித்து, அவளே பாதியாக நறுக்கியிருந்தாள்.

“அதான் மொளச்சிருச்சே சாமி. இனி எதுக்கு?”

அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

“இன்னுங் கொஞ்ச நாளைக்குத் தேச்சு உடுங்கப்பா.”

வாங்கினான். முடி முளைத்திருந்த இடத்தில் வைத்துத் தேய்த்தான்.

“எரியுதா?”

“எரியுதுப்பா” என்றாள்.