நாற்பத்து மூணாவது காபி

"அரை கிராம் கூடிப் போச்சு."

காலையில ஆறே கால் மணிக்கு என் வீட்டுக்காரர் பேசுற முதல் வார்த்தை இது. என்கிட்ட இல்ல, அந்த எஸ்பிரெஸ்ஸோ மெஷின்கிட்ட.

தள்ளுபடியில கிடைச்சதுன்னு ஒருநாள் தூக்கிட்டு வந்தார். கடையில இருந்ததுலயே சின்னது. அன்னிக்குப் போச்சு என் அடுப்படி. மேடை பூரா காபிப் பொடி. கொட்டை அரைக்க ஒரு அரவை, குட்டித் தராசு ஒண்ணு, பொடியை அமுக்க ஒரு கட்டை, எழுதி வைக்க ஒரு நோட்டு. மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் திருகிப் பார்க்காம இருக்க முடியாது.

"பதினெட்டு கிராம், இருபது செகண்டுல ஓடிடுச்சு. அதான் புளிக்குது. அரவையை இன்னும் நைஸா வைக்கணும்."

"வைங்க. எனக்கு மேடையை விடுங்க, ஏழு மணிக்கு பஸ்."

"இரு, முதல்ல வெறும் வெந்நீர் விட்டு, பொடி போடுற கைப்பிடியைச் சூடாக்கணும். சின்ன மெஷின், சீக்கிரம் சூடாகாது."

எனக்குச் சீக்கிரமே பத்திக்கிட்டு வந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். போட்டு முடிச்சதும் அந்தக் குட்டி கப்பை என் மூக்குக்கு நேரா நீட்டுவார். "முதல்ல மோந்து பாரு. அப்புறம் குடி. எப்படி இருக்கு?"

ஊர்ல இத்தனை நாக்கு இருக்க, இவருக்கு என் நாக்குதானா கிடைக்கணும்?

ரெண்டு மாசம் முன்னாடி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துட்டுப் போச்சு. போகும்போது நாக்கையும் மூக்கையும் கையோட எடுத்துட்டுப் போயிடுச்சு. தேனும் ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான். யார்கிட்டயும் மூச்சு விடலை. நான் ஒரு கேன்டீன்ல தலைமைச் சமையல்காரி. ருசி தெரியாதவள்னு வெளிய தெரிஞ்சா, அன்னிக்கே கரண்டியை வாங்கி வெச்சுட்டு பாத்திரம் கழுவ அனுப்பிடுவாங்க. அங்க அளவெல்லாம் எழுதி ஒட்டியிருக்கு, அதனால தப்பிச்சேன். வீட்லதான் எல்லாம் கை அளவு.

இவர்கிட்ட சொல்லியிருக்கலாம். ஆனா இவருக்கு ஓட்டை வாய். எங்க கேன்டீன் இருக்கிற கட்டடத்துல லிஃப்ட் பார்க்கிறதும் இவர்தான். கீழே லிஃப்ட்ல ஏறி எட்டாவது மாடி போறதுக்குள்ள, மாடிக்கு ஒருத்தர்கிட்டயாவது சொல்லி முடிச்சிருப்பார்.

அதனால தினமும் ஒரே பதில்தான். "நல்லா இருக்கு."

சொன்னா சந்தோஷப்படணுமா இல்லையா? என் முகத்தையே உத்துப் பார்ப்பார். அப்புறம் நோட்டுல ஏதோ எழுதுவார். மறுநாள் மறுபடியும் அரவையை மாத்துவார்.

"அதான் நல்லா இருக்குன்னு சொல்றேன்ல? இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

"இன்னும் கொஞ்சம் காட்டமா வரணும்."

மெஷினுக்கு இவ்வளவு கவனம். நான் சமைச்சுப் போடுறதுக்கு? நல்லா இருக்கு, நல்லா இல்ல, ஒரு வார்த்தை கிடையாது. முன்னெல்லாம் உப்பு ஒரு கல்லு கூடினாலும் தட்டைத் தள்ளி வைக்கிற மனுஷன். இப்போ குனிஞ்ச தலை நிமிராம சாப்பிட்டுட்டு நேரா மெஷினைத் துடைக்கப் போயிடுறார். கட்டினவளைவிட அது உசத்தியாப் போச்சேன்னு ரெண்டு நாள் குளியலறையில போய் அழுதிருக்கேன்.

இன்னிக்குக் காலையில எல்லாம் சேர்த்துப் பொங்கிடுச்சு. மெஷினைப் போட்டுவிட்ட நேரம் பார்த்து இவருக்கு போன். எங்கயோ லிஃப்ட் நின்னு ஆள் மாட்டிக்கிட்டாங்களாம்.

"மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுலயா? கதவைத் திறக்கச் சொல்லாதீங்க. இதோ கிளம்பிட்டேன்."

மெஷினைச் சுத்தமா மறந்துட்டார். நேத்து அரவையை ரொம்ப நைஸா வெச்சிருப்பார் போல. அது பாட்டுக்குச் சொட்டுச் சொட்டா ஒரு நிமிஷத்துக்கு மேல இறங்கிச்சு. கப்புல தார் மாதிரி கொஞ்சம்.

"கெட்டுப் போச்சு. கொட்டிடு," சொன்னார், போனைக் கையால பொத்திக்கிட்டு.

"கொட்டவா? இதுக்குத்தானே அரை மணி நேரமா மேடையை மறிச்சுக்கிட்டு நின்னீங்க? குடிச்சே தொலைக்கிறேன்."

ஒரே மடக்கு. முகம் அஷ்டகோணலாப் போச்சு.

"த்தூ. என்னங்க இது? பொண்டாட்டிக்குக் கொடுக்கிற காபியா இது? இப்படியா கசக்கும்?"

இவர் போனைக் காதிலேர்ந்து எடுத்தார். "என்ன சொன்னே?"

"கசக்குதுன்னு சொன்னேன். வேப்பங்காயா கசக்குது. இத்தனை நாள் நிறுத்து நிறுத்துப் போட்டு, கடைசியில இதான் வந்துதா?"

நின்னுக்கிட்டே நோட்டுல ஏதோ கிறுக்கினார். கருவிப் பையை எடுத்துக்கிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே ஓடிட்டார்.

படியில செருப்புச் சத்தம் அடங்கின பிறகுதான் எனக்கே உறைச்சுது. கசந்துதே. எனக்குக் கசந்துதே.

நோட்டு மேடை மேல திறந்தபடியே கிடந்தது. கோடு போட்டு மூணு கட்டம். முதல்ல கிராம், அடுத்தது செகண்ட். மூணாவது கட்டத்துக்குத் தலைப்பு 'அவள்'.

முதல் பக்கத்தைத் திருப்பினேன். "நாலு நாளா சாப்பாட்டுல உப்பே இல்ல. அவளுக்குத் தெரியல. மறைக்கிறா. நானும் வாயைத் திறக்கக் கூடாது. யாருக்குன்னு சொல்லாம டாக்டர்கிட்ட கேட்டேன். தினமும் காட்டமான வாசனையும் கசப்பும் பழக்கினா திரும்ப வரலாமாம்."

அதுக்குக் கீழே நாள் தவறாம ஒரே வரி. "நல்லா இருக்குன்னு சொன்னா. பொய்." "நல்லா இருக்குன்னு சொன்னா. பொய்."

கடைசி வரியில இன்னும் மை காயலை.

"நாள் 43. கசக்குதுன்னு திட்டினா. இனிமே சாப்பாட்டுல உப்பு இல்லன்னு தைரியமா சொல்லலாம்."