லெவல் எவ்ளோங்க சார்?

"இந்த சாஃப்ட்வேர்லாம் வேணாங்க மேடம். நாங்க போன்லயே பேசிக்கிறோம்," என்றார் விருத்தாசலம்.

கலைமதிக்குச் சுர்ரென்று வந்தது. பேசிக்கொள்கிறார்களாம்! அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது என்பது விழுப்புரம் ஆபீஸில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும்.

அண்ணன் விருத்தாசலம் விழுப்புரம் ஆபீஸுக்குப் பொறுப்பாளர்; தம்பி பாண்டுரங்கன் திண்டிவனம் ஆபீஸுக்கு. ஒரே இன்டர்நெட் கம்பெனி, ரெண்டு பிரிவு. கண்ணாடி இழையில் வெளிச்சம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது தம்பி வேலை. அந்த வெளிச்சத்தில் வருகிற இன்டர்நெட்டை ஊர் ஊராகப் பிரித்து அனுப்புவது அண்ணன் வேலை.

நெட் படுத்துவிட்டால் கோளாறு இழையிலா, ரூட்டரிலா என்று இவர் அவருக்குப் போன் போட்டுத்தான் கேட்கவேண்டும். அதற்குள் மயிலத்திலும் பிரம்மதேசத்திலும் ஜனங்கள் திட்டித் தீர்த்துவிடுவார்கள்.

அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டத்தான் சென்னையிலிருந்து வந்திருந்தாள் கலைமதி. ரெண்டு பிரிவையும் ஒரே ஸ்கிரீனில் காட்டும் சாஃப்ட்வேர். வெளிச்சம் குறைந்தால் அதுவே கண்டுபிடித்து, இன்டர்நெட்டை வேறு வழியில் திருப்பிவிடும். யாரும் யாருக்கும் போன் போடவேண்டாம்.

"உங்களுக்கு இதுல சந்தோஷம்தானே சார் இருக்கணும்? பிடிக்காத ஆள்கிட்ட பேசவே வேணாமே!"

"மெஷினை நம்ப முடியாதுங்க. ஆளு கேட்டு, ஆளு சொன்னாதான் சரி," என்று எழுந்து போய்விட்டார்.

பக்கத்து சீட் ஆர்த்தி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.

"நிலத்தைப் பாகம் பிரிச்சதுல சண்டை மேடம். ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் போறதில்ல. தம்பியை அதட்டறதுக்கு இவருக்கு இந்த போனை விட்டா வேற என்ன இருக்கு? லைன் நல்லா ஓடிக்கினு இருக்கும்போதே போன் போட்டு, லெவல் எவ்ளோ, லெவல் எவ்ளோன்னு குடைவாரு."

லெவல் என்றால் இழையில் வருகிற வெளிச்சத்தின் அளவு.

"வீட்டுச் சண்டையை ஆபீஸ்ல வச்சிக்கினு ஊரையே பேஜார் பண்றாங்க," என்றாள் ஆர்த்தி. கலைமதிக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் திண்டிவனம் போனாள். தம்பியாவது ஒத்துக்கொள்வார் என்று நம்பித்தான் போனாள்.

"வேணாங்க மேடம். மெஷினை நம்ப முடியாது. ஆளு கேட்டு, ஆளு சொன்னாதான் சரி," என்றார் பாண்டுரங்கன். அண்ணன் சொன்ன அதே வார்த்தை! இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்ன ஒற்றுமை!

"ரெண்டு பேரும் சம்மதிக்கலைன்னா, ரெண்டு பேரையும் ஆளுக்கொரு மூலைக்கு மாத்தச் சொல்லி ஹெட் ஆபீஸுக்கு எழுதுவேன் சார்."

பாண்டுரங்கன் முகம் வெளிறியது. ஆனாலும், "வேணாங்க மேடம்," என்றார் மறுபடியும்.

சரி, பட்டால்தான் தெரியும் என்று ஹெட் ஆபீஸுக்கு எழுத லேப்டாப்பைத் திறந்தாள் கலைமதி. பாதி வரி அடிப்பதற்குள் ஆபீஸ் போன் அடித்தது.

"அந்த ஆளுதான்," என்று வேப்பெண்ணெய் குடித்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தார் பாண்டுரங்கன்.

"திண்டிவனங்க சார்... லெவலுங்களா? நூத்தி எண்பதுங்க சார்."

கலைமதியின் விரல் நின்றது. எதிரே சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரீனைப் பார்த்தாள். மைனஸ் எட்டு. வெளிச்சத்தின் லெவல் அப்படித்தான் இருக்கும். நூற்றி எண்பது எந்த இழையிலும் வராது.

மனிதர் கூசாமல் பொய் சொல்கிறாரே!

பாண்டுரங்கன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். குரல் தாழ்ந்தது.

"போன வாரத்துக்கு எறங்கியிருக்குங்க சார்... ஆமாங்க, வெறும் வயித்துலதான் பாத்தேன்... மாத்திரை போட்டாச்சுங்க... அரிசியை விட்டுட்டேங்க சார், ரெண்டு வேளையும் கேப்பைக் களிதான்... உங்களுக்கு அந்த முட்டி வலி எப்படிங்க சார்?"

கலைமதிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அடித்த பாதி வரியை எழுத்து எழுத்தாக அழித்தாள். நல்லவேளை, அனுப்பவில்லை.

அடுத்த நாள் காலை விழுப்புரத்தில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"சாஃப்ட்வேர் இன்னியிலேர்ந்து ஓடும். அதுல மாத்தமில்ல. ஆனா ஒரு ரூல். தினமும் காலையில விழுப்புரம் பொறுப்பாளர் திண்டிவனம் பொறுப்பாளருக்குப் போன் போட்டு, லெவல் கேட்டே ஆகணும்."

"லெவல்தான் ஸ்கிரீன்லயே தெரியுதே மேடம்?" என்றாள் ஆர்த்தி.

"மெஷினை நம்ப முடியாதும்மா," என்றாள் கலைமதி.

விருத்தாசலம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்புறம் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

"இன்னாங்க இது அநியாயம்! தெனமும் காலங்காத்தால அந்த ஆள்கூடப் பேசணுமா? நல்ல ரூல் போட்டாங்கப்பா ரூலு!"

சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல் திண்டிவனம் நம்பரை அழுத்தி முடித்திருந்தது.