மூடிய தாம்பாளம்

செம்பூர் வீட்டில் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் பிரம்மநாயகம் கதவைத் திறந்தான். தாராவியில் தகர டப்பா பட்டறை நடத்தும் கணேசபாண்டியன், துணி போட்டு மூடிய தாம்பாளத்தோடு நின்றார்.

பிரம்மநாயகத்துக்கு முகம் சிவந்தது. பிரஸ் மெஷினுக்குத் தடுப்பு வைக்காததற்காக அவர் மேல் வழக்குப் போட்டவனே அவன்தான்.

"அண்ணாச்சி, நான் கைநீட்டுற ஆள் இல்லே. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"அம்மா இருக்காவளா தம்பி?"

"அம்மாகிட்ட அழுதாலும் கேஸை வாபஸ் வாங்க மாட்டேன். எவனுக்காவது விரல் போயிருந்தா நீங்க ஜெயிலுக்கே போயிருப்பீங்க!"

"கேஸா? அது காலையிலேயே முடிஞ்சிட்டுல்லா! உங்க ஆபீஸ் வக்கீலைக் கேட்டுப் பாருங்க. தப்பை ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டேன். மெஷினுக்குத் தடுப்பும் வச்சாச்சு."

"அப்போ இது?"

கணேசபாண்டியன் துணியை விலக்கினார். வெற்றிலை, பாக்கு, பழம், மல்லிகைச் சரம்.

"அன்னிக்குப் பட்டறையில வச்சு என்னைப் போட்டு ஏசுனீயள்லா? சோறு கொண்டுவந்த என் மக பேராச்சி கேட்டுக்கிட்டுத்தான் நின்னா. 'ஊரான் பிள்ளைக விரலுக்கே இப்படித் துடிக்காரே, கட்டினா இவரைத்தான்'னு ஒத்தைக் கால்ல நிக்கா. அம்மாகிட்ட சம்பந்தம் பேசத்தான் வந்தேன்."

தூக்குவாளியோடு நின்ற அந்தப் பெண்ணை மறக்க முடியாமல் அவனும்தான் தவித்துக்கொண்டிருந்தான். வழக்குப் போட்ட வீட்டில் பெண் கேட்க முடியுமா?

கதவை அகலத் திறந்தான்.

"வாசல்லயே நிக்கீங்களே, உள்ள வாங்க மாமா!"