சந்தேகத் திலகம்

"இதுகூடப் புரியலையா? தலையில என்ன களிமண்ணா?" நூலக மேஜையைத் தட்டினான் சீனியர்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. இந்த மூணாவது வரி எப்படி வந்துச்சு?" என்றாள் இரண்டாம் ஆண்டு மாணவி.

சீனியர் விழித்தான். தலையைச் சொறிந்தான். புத்தகத்தைப் புரட்டோ புரட்டென்று புரட்டி, கடைசியில் கண்டுபிடித்தே விட்டான்.

"இப்படித்தான் வந்துச்சு! என்னை மாதிரி ஆள் கிடைக்க நீ கொடுத்து வச்சிருக்கணும்."

"ஆமாண்ணா" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு, நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"ரெண்டு தடவை என் பேப்பர்ல கோட்டை விட்டவனாச்சே! நீ சொல்லிக்கொடுத்தா கேக்கறானாம்மா?" என்றார் பேராசிரியர்.

"ஜூனியர்கிட்ட கத்துக்கிறது அவருக்குக் கௌரவக் குறைச்சல் சார். அதான் புரியாத மாதிரி கேட்டுக் கேட்டு, அவரையே படிக்க வைக்கிறேன். நாளைக்கு எந்தப் பாடம் எனக்குப் புரியக் கூடாது, சார்?"