லாரியில் வந்த வேகம்

இளம்பரிதி ஆசைப்பட்டு வாங்கிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் லாரியில் வந்து இறங்கியது. எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்தார்கள். மூலையில் நின்ற கிழட்டு மொபெட் அதை ஏற இறங்கப் பார்த்தது.

"இருநூறு கிலோமீட்டர் வேகத்துல பறப்பேன்!" என்றது கார்.

தெருவின் இரண்டு முனையிலும் வேகத்தடை. தாண்டினால் காரின் அடிவயிறு தட்டும். அதனால் ஞாயிறுதோறும் இளம்பரிதி கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு தெருவுக்குள்ளேயே நாலு தடவை உறுமிவிட்டுத் திரும்புவார்.

"இன்னைக்கு எதுவரைக்கும் பறந்தீங்க மகாராஜா?" என்று கேட்டது மொபெட்.

"வாயை மூடு, ஓட்டை வண்டி! பெட்ரோல் தீர்ந்துபோச்சு."

இளம்பரிதி கேனோடு வந்து மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். அது வேகத்தடையை ஒரே குதியில் தாண்டியது.

பின்னாலிருந்து கார் கத்தியது: "எனக்குப் பிரீமியம் பெட்ரோல்தான், தெரிஞ்சுதா!"