அழையாத குளவி

"அந்த ஜன்னலச் சாத்துங்கன்னு எத்தன தடவ சொல்றது?" கமலவேணி கணவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "மாப்ள வூட்டுக்காரங்க ஆட்டோவுல ஏறிட்டாங்களாம்."

"குருசுக்குப்பத்துல கடல்காத்து வேணாங்கிற ஒரே வூடு நம்ம வூடுதான்," என்று முனகிக்கொண்டே பக்கிரி சாத்தினார்.

கமலவேணிக்குக் காற்றா முக்கியம்? போன வருஷம் மொட்டைமாடியில் மகள் இனியாவை ஒரு குளவி கொட்டியது. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரி வாசலிலேயே மயங்கி விழுந்தாள் பெண். "ஒரு தடவ இப்படி ஆனவங்களுக்கு மறுபடி கொட்டினா இன்னும் மோசமாகலாம். தொடையில போடற ஊசி எப்பவும் பக்கத்துல இருக்கணும்," என்றார் டாக்டர். பாரீசில் இருக்கும் நாத்தனார் அனுப்பிய, பேனா மாதிரியான அந்த ஊசி இப்போது கமலவேணியின் இடுப்பில், புடவைக்குள் செருகியிருந்தது.

வெளியே தெரிந்தால் போச்சு. 'பொண்ணுக்கு வலிப்பு' என்று ஊரெல்லாம் ஊதிவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு வரன் அப்படித்தான் கைநழுவியது.

"கல்யாணம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்," என்று இனியாவின் வாயை அடைத்திருந்தாள். குளவிக்குப் பயந்து தலைக்கு நிஜ மல்லிகைகூட இல்லை, துணிப் பூதான்.

மாப்பிள்ளை சிலம்பரசன் தன் அம்மா தில்லையம்மாளோடு வந்து உட்கார்ந்தான். பையன் லட்சணமாக இருந்தான். அம்மாதான் மடியில் இருந்த கைப்பையைக் கீழே வைக்காமல், வீட்டின் மூலை முடுக்கெல்லாம் கண்ணால் துழாவினாள்.

"ஜன்னலெல்லாம் சாத்தியே வச்சிருக்கீங்களே?"

கமலவேணிக்குத் திக்கென்றது. "ரோட்டுத் தூசும்மா..."

"நல்லது, நல்லது."

இனியா கேசரியும் காராபூந்தியும் வைத்த தட்டோடு வந்தாள். தில்லையம்மாள் எழுந்து போய் அவள் கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள். "பூ துணியா?"

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்! "வாசனைக்கு அவளுக்குத் தலவலி வரும்மா," என்று சமாளித்தாள் கமலவேணி.

"அதுவும் நல்லதுதான். இந்தக் கேசரிய மூடி வச்சிடுங்க. எங்களுக்குக் காராபூந்தி போதும்."

பெண் பார்க்க வந்தவள் மாதிரியா இருக்கிறாள்? துப்பறிய வந்தவள் மாதிரி அல்லவா இருக்கிறாள்! ஆனால் இனியாவும் சிலம்பரசனும் ஓரக்கண்ணால் சிரித்துக்கொண்டதைப் பார்த்ததும் கமலவேணிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"எங்களுக்குப் பொண்ணு, வூடு எல்லாம் புடிச்சிருக்கு. வர்ற தையிலயே..." என்று தில்லையம்மாள் ஆரம்பித்தபோது கரண்ட் போனது.

"மாப்ளைக்கு வேர்க்குது பாரு," என்று பக்கிரி தாராள மனதோடு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

காத்திருந்தது போல ஒரு குளவி உள்ளே வந்தது. நேராக இனியாவைச் சுற்றியது. கமலவேணி பாய்ந்து தட்டை வீசினாள். குளவி திசை மாறி, சிலம்பரசன் கழுத்தில் கொட்டிவிட்டுப் பறந்தது.

அப்பாடா, பெண் தப்பித்தாள்!

"சுண்ணாம்பு தடவுனா சரியாப்பூடும் மாப்ள," என்று பக்கிரி சிரித்தார்.

சிலம்பரசன் சிரிக்கவில்லை. முகம் தடித்தது, உதடு வீங்கியது. "அம்மா... மூச்சு..." என்று சோபாவில் சரிந்தான்.

போன வருஷம் பார்த்த அதே கோலம். கமலவேணியின் கை இடுப்புக்குப் போனது. ஊசியை எடுத்தால் குட்டு உடையும், சம்பந்தம் போகும். எடுக்காவிட்டால் பெற்றவள் கண்ணெதிரே பிள்ளை போகும்.

பாழாய்ப்போன சம்பந்தம்! ஊசியை உருவி அவன் தொடையில் குத்தி அழுத்தினாள். "ஆட்டோவக் கூப்புடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போவணும்!"

பக்கிரி தெருவுக்கு ஓடினார். சிலம்பரசனுக்கு மெல்ல மூச்சு வந்தது. கமலவேணிக்கு அழுகை வந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. என் பொண்ணுக்கும் இதே மாதிரிதான் ஆச்சி. சம்பந்தம் தட்டிப்போயிடுமோன்னு மறைச்சிட்டோம்."

தில்லையம்மாளின் பாதி திறந்திருந்த கைப்பைக்குள், அதே மாதிரி ஊசி ஒன்றைப் பிடித்திருந்த அவள் கை, வெளியே எடுப்பதா வேண்டாமா என்று இன்னும் தயங்கிக்கொண்டிருந்தது.